ஜோடி கட்டிய மெம்பர்

மின்விசிறியைப் போடுவதா வேண்டாமா என்று மில்லி தன் காப்பிக் கடையில் கை தூக்கச் சொன்னதும், வென்சில் கொவாண்டா சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேடிய முகம் இல்லை. பாதி தூக்கிய கையை இறக்கிக் காப்பிக் கோப்பையின் காதைப் பிடித்துக்கொண்டார்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. வெளியே கோதுமை முற்றிக்கொண்டிருந்தது. உள்ளே வேர்வை நாற்றமும் பன்றி இறைச்சி வறுபடும் புகையும். அந்தக் கடையில் அவரைவிட அதிகமாக வேர்த்தவர் யாரும் இல்லை. சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கைக்குட்டையைச் செருகி வைத்திருந்தார். அது நனைந்து கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தது.

"மெம்பரே, உங்க கை எங்க?" என்றாள் மில்லி.

"நான் ஜோடி."

"ஓலோஃப் லிங்கன்ல ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. இங்க போட்ட காத்து அங்க போய் அவருக்குச் சளி பிடிக்கப் போகுதாக்கும்?"

"பிடிக்காது. ஆனா அவன் இங்க இருந்தா வேண்டாம்னு தூக்குவான். நான் வேணும்னு தூக்குவேன். ரெண்டும் கழிஞ்சு போச்சு. நீ மத்தவங்களை எண்ணும்மா."

மற்றவர்களை எண்ணினாள். விசிறி வேண்டாம் என்றவர்களே அதிகம். காற்றடித்தால் ஆடுகிற சீட்டு பறக்கிறது என்பது அவர்கள் கட்சி. வென்சில் கைக்குட்டையை உருவிப் பிழிந்து, மறுபடி காலரில் செருகிக்கொண்டார்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலச் சட்டசபையின் கீழவையில் ஒரு காலத்தில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் வென்சில். கீழவை போய் இருபத்திரண்டு ஆண்டு ஆகிவிட்டது. ஊரில் இன்னும் அவருக்கு "மெம்பர்" என்றுதான் பெயர். பாதி மரியாதை, பாதி கிண்டல். யார் எந்தப் பாதியைச் சொல்கிறார்கள் என்பது அவருக்குக் குரலிலேயே தெரியும்.

ஆள் நல்ல உயரம். உயரத்தை மறைக்கப் பார்ப்பவரைப் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டே நடப்பார். செக் நாட்டு வம்சத்துப் பெரிய காதுகள். கால்சட்டைக்குத் தோள்வாரும் போட்டிருப்பார், இடுப்பில் பெல்ட்டும் கட்டியிருப்பார்; ஒன்று அறுந்தால் இன்னொன்று. களத்துக் கதவைச் சாத்தி ஐம்பது அடி நடந்த பிறகு திரும்பி வந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். மழை வரும் என்று கவலைப்படுவார். வராவிட்டால், வர வேண்டிய மழை எங்கே போயிற்று என்று கவலைப்படுவார். நடுவே கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியை வாங்கினால் நடுவிலிருந்து தின்னத் தொடங்குவார். "ஓரத்துல இருந்து ஆரம்பிச்சா, நடுவுக்குப் போறதுக்குள்ள யாராவது கூப்பிட்டுர்றாங்க" என்பார். கூட்டத்தொடர் நடந்த காலத்துப் பழக்கம் அது.

சபையைப் பற்றிக் கேட்டால் பேசுவார். கேட்காவிட்டால் இன்னும் நன்றாகப் பேசுவார். ஒற்றைப்படை ஆண்டுகளில் குளிர்காலம் வந்ததும் ரயிலேறித் தலைநகர் லிங்கனுக்குப் போனது. காளை வியாபாரியும் பல் வைத்தியரும் பத்திரிகைக்காரரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தது. புதுச் சட்டசபை மாளிகையின் கோபுரத்து உச்சியில் விதைக்கிற மனிதனின் சிலை ஏறிய பிறகு, "நம்மாளு ஒருத்தன் அங்க மேலயும் நிக்கிறான்" என்று விவசாயி மெம்பர்கள் தொப்பியைக் கழற்றியது. மேலவையில் முப்பத்துமூன்று பேர். அவர்கள் கஞ்சி போட்ட காலர்க்காரர்கள். ஒரு மசோதா இரண்டு சபையிலும் ஒரே மாதிரி தேறாவிட்டால், அங்கிருந்து மூன்று பேர், இங்கிருந்து மூன்று பேர் ஓர் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

"உள்ள போறப்ப குதிரை. வெளிய வர்றப்ப கோவேறு கழுதை" என்பார் வென்சில். "அந்தக் கதவத் தொறந்து வச்சிருந்தாப் போதும்யா. நம்ம ஜனங்க வீட்டையே இடிச்சுட்டாங்க."

இடித்தது 1934 நவம்பரில், வாக்குச்சீட்டில். அன்று அதே சீட்டில் மதுவிலக்கை எடுப்பதா என்று ஒரு கேள்வி. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்ட விடுவதா என்று ஒன்று. இரண்டு சபையையும் கலைத்துவிட்டு ஒரே சபை வைப்பதா என்று ஒன்று. வென்சிலுக்குப் பீர் வேண்டும். செக் வீட்டில் பிறந்தவர் வேறென்ன சொல்வார். பீருக்கு ஆமாம் என்று குறிபோட்டு, ஒரே சபைக்கு வேண்டாம் என்று போட்டார். ஊர் மூன்றுக்கும் ஆமாம் போட்டது. "பீர் வாங்கப் போன பயலுக, வர்ற வழியில என் நாற்காலியையும் வித்துட்டு வந்துட்டானுக" என்று அவர் சொன்னால் இன்றும் மில்லியின் கடையில் ஒரு சிரிப்பு நிச்சயம்.

நாற்காலியை விற்ற பயல்களில் ஒருவர் ஓலோஃப் லிண்ட்வால். வேலிக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரர்; அவரும் கீழவை மெம்பர், பக்கத்துத் தொகுதிக்கு. தம் நாற்காலியைத் தாமே விற்கச் சொல்லி ஊர் ஊராகப் பேசியவர். சுவீடிஷ்காரர், குள்ளம், சர்ச்சுக்குத் தவறாதவர், பீர் என்ற சொல்லைக்கூட உச்சரிக்காதவர். "நூறு பேர் செய்யற வேலைய நாப்பது பேர் செய்வான்னா, நான் வீட்டுல இருந்து மாடு கறக்கறேன்" என்பது அவருடைய முழுப் பிரசங்கம். கட்சி வேறு, மதம் வேறு, விசிறி முதற்கொண்டு விருப்பம் வேறு. இந்த இருவரும்தான் ஜோடி.

ஜோடி என்பது சபை வழக்கம். ஒரு விஷயத்தில் எதிரும் புதிருமான இரண்டு மெம்பர்கள் வாய்வார்த்தையாக ஏற்பாடு செய்துகொள்வார்கள்: உனக்கு வர முடியாமல் போனால் நான் வாக்களிக்க மாட்டேன், எனக்கு வர முடியாவிட்டால் நீ அளிக்காதே. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. கட்டியவன் தன் வாயால் விடுவித்தால் விடுதலை. இல்லாவிட்டால் அவன் செத்தால். வேறு வழி இல்லை. ஜோடியை முறித்தவனைச் சபை ஒன்றும் செய்யாது. ஆனால் மறுநாள் சாப்பாட்டு மேசையில் அவன் பக்கத்தில் யாரும் தட்டு வைக்க மாட்டார்கள்.

1935 மே மாதம் கடைசிக் கூட்டம் முடிந்த அன்று மெம்பர்கள் மசோதாத் தாள்களைக் கிழித்து ஒருவர் தலையில் ஒருவர் கொட்டினார்கள். பாடினார்கள். சிலர் அழுதார்கள். வென்சில் தாள் குப்பைக்கு நடுவே நின்றுகொண்டு, "சரி, இனிமே என்ன? விடுவிச்சுக்கலாமா?" என்று கேட்டார். "என்ன அவசரம்?" என்றார் ஓலோஃப். அவ்வளவுதான். பிறகு கேட்கவே இல்லை. ஜோடி ஊருக்கு வந்தது. தானியக் கிடங்குக் கூட்டுறவில், சாலைக் குழுவில், அறுவடை விருந்தில் நடனம் எத்தனை மணிவரை என்பதில். ஒருமுறை வென்சிலுக்கு விஷக் காய்ச்சல் கண்டபோது, கூட்டுறவுத் தலைவர் தேர்தலில் ஓலோஃப் தம் மைத்துனனுக்கே வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார். மைத்துனன் இன்றும் அவரோடு பேசுவதில்லை.

இப்போது லிங்கனில் கீழவை உட்கார்ந்த அதே மேற்கு மண்டபத்தில்தான் புது ஒற்றைச் சபை கூடுகிறது. ஆனால் உறுப்பினர்களுக்குப் பெயர் மட்டும் செனட்டர், மேலவைக்காரர்களின் பட்டம். ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் வென்சில் ஒரு நாள் போய் மாடத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். "பேரு அவங்களுது, இடம் எங்களுது" என்பார் திரும்பி வந்து. "கட்சி பேதம் கிடையாதாம். கட்சி இல்லாத ஊர்ல ஜோடி யாரோட கட்டறது?"

மே மாதக் கடைசியில் ஓலோஃப் மாட்டுக் கொட்டிலில் விழுந்தார். பக்கவாதம். வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று.

வேறொரு மாதமாக இருந்தால் வென்சில் வருத்தப்பட்டிருப்பார், அவ்வளவுதான். இந்த மாதம் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டுக் கூட்டம். நான்குவழிச் சந்திப்பில் இருக்கும் ஓரறைப் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளைப் பேருந்தில் பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்புவது என்று ஒரு தீர்மானம். கையைத் தூக்கி முடிவு செய்ய வேண்டும். அந்தப் பள்ளியில் டீச்சர் வென்சிலின் மகள் ஆல்பினா. மூடக் கூடாது என்பது வென்சில். மூட வேண்டும் என்பது ஓலோஃப்; விழுவதற்கு முந்தின வாரம்கூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார்: "யோவ், ஒரே அடுப்பு, ஒரே ரூம், எட்டு வகுப்பு! என் பேரன் ஒரு கண்ணாடிக் குழாயில தண்ணி கொதிச்சுப் பாத்ததில்லை. உன் மக நல்ல டீச்சர்தான். அவளுக்குக் கை ரெண்டுதானே இருக்கு?"

அவர் சொன்னது தப்பில்லை என்று வென்சிலுக்கும் தெரியும். ஆனால் பள்ளி மூடினால் ஆல்பினா தூரத்து டென்வர் நகரத்துக்குப் போவாள். அங்கே ஒரு பள்ளியில் இடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். மனைவி காலமான பிறகு அந்த வீட்டில் இரண்டு தட்டுகள். ஒரு தட்டு மேசையை அவர் யோசித்துப் பார்த்திருக்கிறார். முழுதாக யோசித்ததில்லை, பாதியிலேயே எழுந்து போய்க் களத்துத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு வந்துவிடுவார்.

சனிக்கிழமை மில்லியின் கடையிலிருந்து அவர் வீடு திரும்பியபோது ஆல்பினா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டு வந்த களைப்பு அவள் முகத்தில் தெரிந்தது.

"அப்பா, கடையில விசிறிக்குக்கூடக் கை தூக்கலையாமே? மில்லி அக்கா போன் பண்ணிச் சிரிக்கிறாங்க."

"காத்து வேணாம்னு இருந்தேன்."

"பொய் சொல்லாதீங்க. திங்கக்கிழமை கூட்டத்துல என்ன செய்யப் போறீங்க?"

அவர் தொப்பியின் விளிம்பைப் பிடித்துச் சுற்றினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"எல்லார் வீட்டுக்கும் போய்ட்டேன். மயிரிழைல நிக்குதுப்பா. ஒரு கை இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கிற நெலமை. அந்த ஒரு கை நம்ம வீட்டுலயே இருக்கு. அது தூங்குது."

"தூங்கலம்மா. கட்டிப் போட்டிருக்கு."

"யாரு கட்டினா? இல்லாத சபையோட வழக்கத்துக்கு நீங்க ஏன்பா காவல் இருக்கீங்க?"

வென்சில் உட்கார்ந்தார். அவளிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

1935 வசந்தம். ஓலோஃபின் சரளைச் சாலை மசோதா இறுதி வாக்குக்கு வந்த நாள். நாட்டுப்புறச் சாலைகளுக்குச் சரளை போடுவது. சேற்றில் வண்டி புதைந்து டாக்டர் வராமல் செத்தவர்கள் அவர் வட்டாரத்தில் இருந்தார்கள். மூன்று கூட்டத்தொடர் அதற்காகவே உழைத்திருந்தார். வென்சில் எதிர்ப்பு, வரி ஏறும் என்று. அன்று காலை வீட்டிலிருந்து தந்தி வந்தது: பிரசவ வலி, நிலைமை சரியில்லை. ஓலோஃப்தான் ரயிலடிவரை கொண்டுவந்து விட்டார். "போ. நான் உன்னோட ஜோடி" என்றார்.

"அதுல ஒரு சங்கதி இருக்கு" என்றார் வென்சில் மகளிடம். "எங்க சபையில மசோதா தேறணும்னா மொத்த நூறுல ஐம்பத்தோரு ஆமாம் வேணும். வராதவன், வாயத் தொறக்காதவன் எல்லாம் வேண்டாம்னு சொன்ன கணக்குதான். நான் ரயில்ல இருந்தாலும் என் எதிர்ப்பு அங்க விழுந்தாச்சு. அவன் கை தூக்காததால அவனுக்கு மட்டும்தான் நஷ்டம். 'இந்தக் கணக்குல ஜோடிக்கு அர்த்தமே இல்ல'ன்னு சொல்லிட்டு அவன் தூக்கியிருக்கலாம். யாரும் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்க. அவன் தூக்கல. ஐம்பது விழுந்துச்சு."

ஆல்பினா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ பொறந்தன்னிக்கு" என்றார் அவர். "அடுத்த வாரம் ஊருக்கு வந்து உன்னப் பாத்துட்டு, உன் அம்மாவுக்குப் பன்றிக் கொழுப்பு ஒரு சட்டி குடுத்துட்டுப் போனான். மசோதாவப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அன்னிக்கு மட்டுமில்ல, இன்னிவரைக்கும்."

ஆல்பினா எழுந்து அடுப்பைத் தணித்தாள். பிறகு அவள் மெதுவாக, தந்தையின் முகத்தைப் பார்க்காமல், கேட்டாள்: "திங்கக்கிழமைக்குள்ள அவரு செத்துப்போயிட்டா?"

"அந்த வார்த்தைய இந்த வீட்டுல சொல்லாதே!"

அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. மேசை மீதிருந்த கிழங்கு ஒன்று உருண்டு தரையில் விழுந்தது. அவள் பயந்தது சத்தத்துக்கு. அவர் பயந்தது வேறு காரணத்துக்கு: அந்த வார்த்தை அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தது. ஓலோஃப் விழுந்த செய்தி வந்த அன்றே, அய்யோ என்று நினைத்த அதே மூச்சில், செத்தால் ஜோடி தீர்ந்தது என்ற வழக்கமும் அவர் தலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அவர் கூப்பிடவில்லை. வந்தது, போகவில்லை.

தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசுவார். அந்தச் சாலையில் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஒரே கம்பி. ஒருவர் பேசினால் மற்றவர்கள் கேட்கலாம், கேட்டார்கள். "மெம்பருக்கு அந்தச் சுவீடிஷ்காரன் மேல என்ன உசிரு, பாரேன்" என்று ஊரெல்லாம் பேச்சு. நர்ஸ் "அப்படியேதான் இருக்காரு" என்பாள். வென்சில் நன்றி சொல்லிக் குழாயை மாட்டுவார். மாட்டிய பிறகு அங்கேயே நிற்பார். இப்போது நெஞ்சில் இறங்கியது நிம்மதியா, ஏமாற்றமா என்று தம்மையே கேட்டுப் பார்ப்பார். பதில் தெரிந்துவிடும் போலத் தோன்றும்போது கோழிகளுக்குத் தீனி போட வெளியே போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை லிங்கனுக்கே போனார். டிரக்கை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, கதவைப் பூட்டி, பூட்டியதா என்று இழுத்துப் பார்த்து, மாடி ஏறினார்.

ஓலோஃப் தலையணைக்குள் இன்னும் குள்ளமாகியிருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் மட்டும் பழைய கண். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து முறைக்கிற நீலக் கண். வென்சில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருடைய இடக்கையை எடுத்துத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"கோதுமை நல்லா இருக்கு. உன் பக்கம் என்னோடத விட நல்லா இருக்கு. சந்தோஷமா?"

கண் அவரைப் பார்த்தது.

"நாளைக்குப் பள்ளிக்கூடக் கூட்டம்."

கண் அசையவில்லை.

"ஓலோஃப், நான் கேக்க வந்தது... விடுவிப்பியா? விடுவிக்கிறதா இருந்தா என் கைய அழுத்து."

கை அழுத்தியது. சந்தேகமே இல்லை, விரல்கள் ஐந்தும் அழுத்தின.  வென்சிலுக்கு, எழுந்து ஓலோஃபின் நெற்றியில் முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. அந்த நேரம் நர்ஸ் தண்ணீர்க் கூஜாவோடு உள்ளே வந்தாள்.

"அழுத்துறாரா? பாவம், யார் கையக் குடுத்தாலும் அப்படித்தான் அழுத்துவாரு. நேத்துத் தரை துடைக்கிற அம்மாவ விடவே இல்ல. டாக்டர் சொல்றாரு, அது அவரா செய்யறதான்னு சொல்ல முடியாதாம்."

அவள் கூஜாவை வைத்துவிட்டுப் போனாள்.  வென்சில் இன்னொரு முறை கேட்காமல் எழுந்து போயிருக்கலாம். பதில் ஏற்கெனவே கையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக எவரும் தடுக்கவில்லை. கதவுவரை போனார். தாழ்ப்பாளைத் தொடுகிறவர் அல்லவா, திரும்பி வந்தார்.

"ஓலோஃப், இப்பக் கேளு. விடுவிக்க முடியாதுன்னா அழுத்து."

கை அழுத்தியது. முன்னைவிடப் பலமாக.

நீலக் கண்ணின் ஓரத்தில் நீர் இருந்தது. அது பக்கவாதத்து நீரா, சிரிப்பா, கோபமா, சபை நடத்தைக்கு விரோதமாக ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்ட மெம்பரைப் பார்த்து வந்ததா, வென்சிலுக்குத் தெரியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கையை எடுக்க முடிந்தது.

திங்கள் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் வெயில் இன்னும் இருந்தது. பெரியவர்கள் பிள்ளைகளின் மேசைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வென்சிலுக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. இரண்டு முழங்காலும் மேசைக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. கரும்பலகையில் ஆல்பினாவின் கையெழுத்தில் ஒரு கூட்டல் கணக்கு அழிக்காமல் கிடந்தது. அவள் முன்வரிசையில், தன் மாணவன் ஒருவனின் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று காலை முதல் தந்தையும் மகளும் உப்பு எங்கே, பால் எங்கே என்பதற்கு மேல் பேசவில்லை.

தலைவர் ரூடி ஷெர்மாக் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், தீவனக் கடைக்காரர், ஆதலால் யாரையும் பகைத்துக்கொள்ள முடியாதவர்.

"மூடறதுன்னு தீர்மானம். ரெண்டு பக்கமும் சமமா வந்தா தீர்மானம் தோத்துச்சு, பள்ளிக்கூடம் இருக்கும். புரிஞ்சுதா? கை தூக்கறதுக்கு முன்னாடி யாராவது பேசணுமா?"

எழுந்தவர் கார்ல் லிண்ட்வால், ஓலோஃபின் மகன். மூடச் சொல்லும் கட்சி. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்தார்.

"வென்சில் மாமா, எங்கப்பா இங்க இல்ல. அவருக்காக நீங்க கைய மடக்கி உக்காந்திருப்பீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அப்படி ஜெயிச்சா எனக்குப் பிடிக்காது. எங்கப்பா சார்பா நான் உங்கள விடுவிக்கிறேன். தாராளமாத் தூக்குங்க."

அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. யாரோ கை தட்டினார்கள். ஆல்பினா திரும்பினாள். அவள் முகத்தில், இரண்டு நாளாக இல்லாத வெளிச்சம்.

வென்சில் எழ முயன்றார். மேசை முழங்காலைப் பிடித்துக்கொண்டது. பாதி எழுந்த நிலையிலேயே பேசினார்.

"கார்ல், நீ நல்லவன். உங்கப்பன் உன்ன நல்லா வளர்த்திருக்கான். ஆனா ஜோடி நெலம் இல்லப்பா, புள்ளைக்கு வர்றதுக்கு. கட்டினவன் வாய்தான் அவுக்கணும்."

"அவருக்குத்தான் வாயே இல்லையே!" என்று முன்வரிசையில் யாரோ ஒரு பெண் கத்தினாள். "அப்ப என்ன செய்யறதாம்?"

"அதான் எனக்கும் தெரியல" என்றார் வென்சில். பாதி எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார்.

"ஆமாம்கிறவங்க" என்றார் ரூடி.

கைகள் எழுந்தன. கார்லின் கையும் எழுந்தது. ஆனால் தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. ரூடி பென்சிலை நீட்டி நீட்டி எண்ணினார்.

"பதினெட்டு. இறக்குங்க. வேண்டாம்கிறவங்க."

ஆல்பினாவின் கைதான் முதலில் எழுந்தது. நேராக, மாணவிகள் விடை தெரிந்த கேள்விக்குத் தூக்குவதைப் போல. அவளைச் சுற்றி மற்றக் கைகள். ரூடி எண்ணினார். உதடு அசைந்தது, நின்றது. இன்னொரு முறை முதலிலிருந்து எண்ணினார். இந்த முறை ஒவ்வொரு வரிசைக்கும் நடந்து போனார். தெரியும் எல்லோருக்கும், அவர் எண்ணவில்லை, நேரம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பதினேழு" என்றார் நடந்துகொண்டே. "இன்னும் முடிக்கல. யாருடையதாவது விட்டுப்போச்சான்னு பாக்கறேன்."

ஆல்பினா கையை இறக்காமல் தலையை மட்டும் திருப்பினாள். அவள் கெஞ்சவில்லை. சும்மா பார்த்தாள், ஒரு தட்டைப் பார்ப்பது போல, ஒரு வாசலைப் பார்ப்பது போல.

ரூடி கடைசி வரிசைக்கு வந்து வென்சிலின் மேசைக்கு முன்னால் நின்றார். பென்சில் முனை காற்றில் காத்திருந்தது. ஜன்னல் வழியே சாய்ந்த வெயில் வென்சிலின் வலக்கையின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கை மேசைப் பலகையை விட்டு ஓர் அங்குலம் எழுந்ததை ரூடி பார்த்தார்.

வென்சிலும் பார்த்தார். பார்த்தவுடன் அதைப் பிடித்துக் கீழே கொண்டுபோய் வலத்தொடைக்கு அடியில் செருகினார். இடக்கையை இடத்தொடைக்கு அடியில் செருகினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சின்னப் பெஞ்சு முனகும்படி, தம் முழுக் கனத்தையும் இரண்டு கைகளின் மேலும் வைத்து உட்கார்ந்தார்.